களை என்று கொட்டிய செல்களும் காப்புக் கட்டிய செவ்வாயும்

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காரைக்குடிக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தோழி முத்துலட்சுமியை அன்று மாலை ஆறு மணிக்குள் அவள் ஊர் எல்லையைத் தாண்டி அழைத்து வர வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு ரயில், பஸ், நேரம் எல்லாம் இதில் இருக்கிறது. நடுவில் என் கதையும் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்துவுக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் புதன் காலை எட்டு மணிக்குச் சேரச் சொல்லியிருந்தார்கள், வியாழன் ஆபரேஷன். அதற்கு முன்பே இரண்டு முறை தேதி தள்ளிப்போயிருந்தது. ஒரு தடவை மகளுக்குப் பரீட்சை, ஒரு தடவை நெல் அறுப்பு. இப்போது அம்மன் திருவிழா. செவ்வாய் மாலை ஆறு மணிக்குக் காப்புக் கட்டு. அந்த நேரத்தில் ஊருக்குள் இருப்பவர்கள் எட்டு நாளைக்கு வெளியூரில் ராத்தங்கக் கூடாது. முன்பே கிளம்பிப் போய்விட்டவர்களை அந்தக் கட்டு கட்டாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் ராமநாதன் போன் செய்தார். "எட்டு நாளுதானேங்கிறா. நீங்க நேர்ல வந்து சொன்னா கேப்பா. வாரீகளா?" அன்றைக்கே தத்கலுக்கு உட்கார்ந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து இரவு ரயில், படுத்தால் காலை ஆறு இருபதுக்குக் காரைக்குடி. நேரே முத்து ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. டவுன் பஸ் ஏறிப் பல்கலைக்கழக வாசலில் இறங்கினேன், டிக்கெட் பத்து ரூபாய். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நானும் முத்துவும் அங்கேதான் எம்.எஸ்ஸி படித்தோம். வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை இடம் மாறி, பெயர் மாறி, பில் மெஷின் வைத்துவிட்டது. வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் மட்டும் அப்படியே இருந்தன. நாலு பணியாரம் நாற்பது ரூபாய். நாங்கள் படித்தபோது ஒரு தட்டு வாங்கி இரண்டு பேர் சாப்பிடுவோம். கடைசிப் பணியாரத்துக்குப் பூவா தலையா போட்டு அவளே ஜெயிப்பாள். நாலும் எனக்கே என்று வந்தபோது இறங்கவில்லை.

பிறகு ஹாஸ்டல் சுவரைப் பார்த்தேன். பழைய சாமான் கடைத் தெருவுக்குப் போய், வாங்க மாட்டேன் என்று தெரிந்தே ஒரு எனாமல் தூக்குவாளிக்கு அரை மணி நேரம் விலை பேசினேன். மணி பன்னிரண்டு. பழைய நினைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பொய். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தைச் சொல்ல, எங்கள் ஆய்வகத்தைச் சொல்ல வேண்டும். அப்போது எங்களுக்குக் கொடுத்த வேலை, கட்டியிலிருந்து எடுத்த புற்றுச் செல்களைக் கண்ணாடித் தட்டில் தனியாக வளர்ப்பது. தனியாக வளராது, சனியன். கூடவே நார்ச்செல்கள் வந்துவிடும். நம் உடம்பில் தசைக்கும் தோலுக்கும் முட்டுக் கொடுத்து நிற்கிறவை அவை. காயம் பட்டால் ஓடி வந்து தழும்பு போட்டு மூடுகிறவையும் அவைதான். எங்களுக்கு அவை வேண்டாத விருந்தாளி. 'களை' என்போம். களை வந்த தட்டு என்றால் பிளீச் ஊற்றிக் கொட்டிவிட வேண்டும்.

ஒருநாள் முத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். களை இல்லாத தட்டில் புற்றுச் செல்கள் வாடிக் கிடந்தன. களை மண்டிய தட்டில் கொழுகொழுவென்று இருந்தன. "எங்க வயல்ல களை பயிரைத் திங்கும்டி. இங்கே பாரு, களைதான் சோறு ஊட்டுது" என்றாள். நோட்டிலும் எழுதினாள். மறுநாள் பேராசிரியர் வருகிறார் என்று நான்தான் மொத்தத் தட்டையும் கொட்டிக் கழுவி அடுக்கினேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அவள் பார்த்ததுதான் சரி என்று இன்று எல்லோரும் படிக்கிறார்கள். கட்டி தன்னை ஆறாத புண் மாதிரி காட்டிக்கொள்கிறது. நார்ச்செல்கள் பாவம், நம்பி வருகின்றன. வளர்வதற்கான சாரத்தைச் சுரக்கின்றன, ரத்தக் குழாய்க்கு வழி செய்கின்றன, சுற்றிலும் தழும்புபோல் நெருக்கமாக நெய்து மருந்தும் நோய் எதிர்ப்புச் செல்களும் உள்ளே வராமல் தடுக்கின்றன. கெடுக்க வேண்டும் என்று வந்தவை இல்லை, வேலையை ஒழுங்காகச் செய்கின்றன, அவ்வளவுதான். அவற்றிலும் சில, கட்டியைப் பரவவிடாமல் பிடித்து வைப்பதும் உண்டு.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்கு முக்கால் மணி நேரம், டிக்கெட் இருபத்தைந்து. அங்கிருந்து கீழச்சிவல்பட்டி போகும் பஸ்ஸில் அரை மணி. பங்களா மாதிரி வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் அங்கேயே இறங்குவார்கள். முத்து ஊர் அதற்கு அங்குட்டு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய். ஊர்ப் பெயர் போடாதே என்று சொல்லியிருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால்.

அவளைச் சுற்றி ஒரு கோட்டையே இருந்தது. ராமநாதனின் அக்கா சிவகாமி, முத்துவுக்கு மதினி, அவளை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. மகள் கால் பிடித்துவிடுகிறாள். பக்கத்து வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் வருகிறது. ஆஸ்பத்திரி என்று யாராவது வாயைத் திறந்தால் மதினி முந்திக்கொண்டார். "புள்ளையப் பயமுறுத்தாதீக. ஆத்தாளுக்கு மாவிளக்கு எடுக்கட்டும். எட்டு நாளுல என்ன ஆகப்போகுது?" அத்தனை பேருக்கும் அவள் மேல் உயிர். கட்டிக்குத்தான் நாள் கிடைத்துக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் முத்து என்னை உள் அறைக்குக் கூட்டிப் போய் ரிப்போர்ட்டைக் கொடுத்தாள். ஒரு வரியில் விரல் வைத்தாள். கட்டியைச் சுற்றி நார்ச்செல்கள் அடர்ந்திருப்பதாகப் போட்டிருந்தது.

"நம்ம களை" என்று சிரித்தாள். "நீ கொட்டினது என்கிட்ட வந்து உக்காந்திருக்கு."

நான் மனப்பாடம் செய்து வந்த புத்திமதியை ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஆவணியில முதமுதல்ல உனக்குத்தானடி போன் பண்ணினேன். நீ என்ன சொன்ன?"

நான் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகக் கட்டிகளை மெழுகில் வைத்துச் சீவுகிறவள். தடவிப் பார்த்தேன், கட்டி மாதிரி இருக்கு என்று அவள் சொன்னபோது, "கொழுப்புக் கட்டியா இருக்கும், பயப்படாதே, தீபாவளி போகட்டும் பார்க்கலாம்" என்றேன். அவள் பயப்படக் கூடாது என்றுதான் சொன்னேன். எனக்கும் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

"நான்தான் முதல் களை" என்றேன். அழுகை வந்துவிட்டது. "உன் மதினி எட்டு நாள் கேக்குறாக. நான் ரெண்டு மாசம் வாங்கிக் கொடுத்தேன். என்னை என்ன வேணா திட்டு முத்து. ஆனா கிளம்பு."

அவள் ரிப்போர்ட்டை மடித்து உறையில் போட்டாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். மதினி மாவிளக்குக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, எனக்கு ஆத்தா மேல நம்பிக்கை இருக்கு. இந்தக் கட்டி மேல இல்ல. நான் காப்புக்கு முந்தி எல்லையத் தாண்டிர்றேன்."

உலக்கை நின்றது. மதினி அவளையே பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். "என் விளக்கோட உன் விளக்கையும் சேத்து நானே எடுக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஆளில்லை. சேலை, போர்வை, பிளாஸ்க், மாத்திரை டப்பா எல்லாம் பத்து நிமிடத்தில் பைக்குள் போயின. மகளைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

திருப்பத்தூரிலிருந்து கார் சொன்னோம், மதுரைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. ஐந்து மணிக்கு வருகிறேன் என்றவர் ஐந்து ஐம்பத்தைந்துக்கு வந்தார். அதற்குள் கொட்டுக்காரர்கள் கோயில் வாசலில் தவுலைத் தோளில் மாட்டிவிட்டார்கள். கொட்டு முழங்கிவிட்டால் காப்புக் கட்டியதாகக் கணக்கு. மதினியைக் காணோம். நானும் முத்துவும் ராமநாதனும் ஏறினோம். ஆடு, மைக்செட் வண்டி, முளைப்பாரிக்கு மண் எடுக்கப் போகிற கூட்டம், எல்லாம் அன்றைக்குத்தான் ரோட்டில். ஆறு அடித்துவிட்டது. ராமநாதன் ஜன்னல் வழியாகக் கோயில் பக்கமே காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லை எதுங்க?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"அந்தப் பாலத்துக்கு அங்குட்டு ஒரு கல்லு நிக்கும்க்கா."

பாலம் வந்தபோது மணி ஆறு கடந்து ஏழு நிமிடம். முத்துவின் போன் அடித்தது. மதினி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"தாண்டிட்டியா?"

கல் பின்னால் போனது. "தாண்டிட்டேன் மதினி."

அந்தப் பக்கம் மதினி யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது: "ம், இப்ப அடிங்கப்பா." போனுக்குள் கொட்டு முழங்கியது. ஏழு நிமிடம் கொட்டுக்காரர்கள் முன்னால் நின்று மறித்திருக்கிறார், அந்த மனுஷி. முத்து போனை அணைக்கவே இல்லை. மேலூர் வரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆபரேஷன் வியாழக்கிழமையே நடந்தது. வெட்டிய ஓரம் சுத்தம், அங்கே புற்றுச் செல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. இன்னும் மருந்து ஏற்ற வேண்டும், ரேடியேஷன் இருக்கிறது. பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். தலைமுடி கொட்டுவதற்கு முன்னாலேயே மதினி அவளுக்குப் பூப்போட்ட ஸ்கார்ஃப் ஆறு வாங்கி வைத்துவிட்டாராம்.

போகிறவர்களுக்கு: காரைக்குடியில் காலையில் இறங்கினால் பல் துலக்கிவிட்டு நேரே பணியாரக் கடைக்குப் போங்கள், ஒன்பதுக்கு மேல் தீர்ந்துவிடும். திருப்பத்தூர் வரை பஸ் தாராளம். அதற்கு மேல் சிற்றூர்களுக்குக் கையில் ஆட்டோ நம்பர் இருக்கட்டும். திருக்கோஷ்டியூர்க் கோயில் பார்க்க வேண்டுமானால் பகல் பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள், பிறகு நடை சாத்திவிடுவார்கள். மாசி, பங்குனியில் போனால், தங்குகிற ஊரில் காப்பு என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று யாராவது போன் செய்தால், தீபாவளி போகட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன்.