வழியனுப்பப் போன மோட்டார் சைக்கிள்

நான் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது யாருக்கும் தெரியாது. பெரிய ரகசியம் ஒன்றுமில்லை; சொல்லிக்கொள்ள ஆள் வேண்டுமே. எனக்கு இருந்தது ஒரே ஒரு சிநேகிதன். அவன் மூக்கின்மேல் விரலை வைக்கும்படி ஒருநாள் அவன் முன்னால் போய் இறங்க வேண்டும் என்றுதான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு மலாக்காவில் சர்வே ஆபீசில் வேலை. வரைபடங்களைப் பிரதி எடுக்க வேண்டும். மூலப்படத்தின்மேல், ஊடே தெரியும் மெல்லிய மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரிகிற ஆறு, சாலை, எல்லை எல்லாவற்றையும் மசியால் வரைவேன். கோடு போடுவதோடு என் வேலை சரி. ஊர்ப்பெயர்களையும் எண்களையும் எழுத வேறு ஆள். என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். பெரிய டிராப்ட்ஸ்மேன் என்னை ஓர் எழுத்தைக்கூடத் தொட விடமாட்டார். பெயர் எழுதியவன்தான் என் சிநேகிதன். நான் முடித்த துணியை அடுத்த பலகைக்குத் தள்ளுவேன். அவன் ஓரத்தில் விரல் வைத்துக் காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பெயர்களை எழுத ஆரம்பிப்பான். நாலு வருஷம் இப்படியே போனது.

படத்தின் வடக்கு ஓரத்தில் சாலை திடீரென்று முடிந்துவிடும். தாள் அவ்வளவுதான், சாலை அதற்கப்பாலும் போகும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு அதே பேச்சு. சயாமுக்குள் நுழைந்து, பர்மாவைக் கடந்து, கல்கத்தா போய், அங்கிருந்து கன்னியாகுமரிவரை இறங்குவது. அவன் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்து படத்தைப் பார்த்து வழி சொல்வேன். ஏன் நான் ஓட்டக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். நான் சைக்கிள் ஓட்டும் லட்சணத்தை அவன் பலகையைச் சுற்றி நடந்து காட்டினான். ஆபீசே சிரித்தது. எங்கள் இருவரிடமும் மோட்டார் சைக்கிள் இல்லை என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

மெர்டேக்கா வந்தது, மலாயாவுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் கொடி. அதற்கு அடுத்த மாதமே அவன் அப்பா, வெள்ளைக்காரன் போனபிறகு இங்கே நமக்கென்ன வேலை என்று குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற முடிவு செய்துவிட்டார். அவன் ஒரே மகன், மறுக்க முடியாது. மாடிப்படியில் நின்று அதை என்னிடம் சொன்னான். எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் என்னிடம் எப்போதுமே முதல் ஆளாக வந்து நிற்கும்.

"போறவன் போய்ட்டே இரு. என்கிட்ட ஏன் சொல்ற?" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் வேலைக்கு வந்தான். காய்ந்துவிட்டதா, காயவில்லையா என்பதைத் தவிர நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாளன்று சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டேன். அவன் கிள்ளானில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போனான். கப்பல் நாள் தெரியும்வரை அங்கேதான் இருப்பார்கள்.

நான் காஜா பெராங்கில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிவிட்ட ஒரு செட்டி குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் கெபாயா சட்டையும் கைலியும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போவார். தேவாரம் காதில் விழுந்தால் கண் கலங்குவார். தமிழில் ஒரு வாக்கியம் பேச வராது. மலாய்தான். நல்ல மனுஷி. ஆனாலும் மனதில் உள்ளதை வேற்று மொழியில் தேடித் தேடிச் சொல்வதற்குள் எனக்குச் சொல்லும் ஆசையே போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து இருட்டும்வரை என் குரலை நானே கேட்காமல் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு ஞாயிறன்றுதான், தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். நாற்காலி, நாய், மோட்டார் சைக்கிள் எல்லாம் வாசலில் நின்றன. சேமித்ததெல்லாம் மோட்டார் சைக்கிளுக்குப் போனது. எது கிளட்ச், எது பிரேக், எது கியர் என்று பத்து நிமிஷம் காட்டிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். ஒரு லாரிக்காரரைக் கெஞ்சி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கைப்பிடியில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைப் பின்னுக்குத் தள்ளாமல் உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும். அதைத் துரை சொல்லவில்லை. என் வலது கெண்டைக்கால்தான் சொல்லிக்கொடுத்தது. ஒரு வாரம் நொண்டினேன். ஆபீசில் கேட்டதற்குப் படிக்கட்டில் வழுக்கிவிட்டது என்றேன். விடிந்ததும் வண்டியைத் தெருமுனைவரை தள்ளிப்போய், புக்கிட் பாரு பக்கம் போகும் சாலையில் பழகுவேன். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், ஆள் நடமாட்டம் குறைவு. முதல் கியரிலேயே அலறிக்கொண்டு போவேன். திரும்பத் தெரியாததால் இறங்கி, வண்டியைத் தூக்காத குறையாகத் திருப்பி, மறுபடி ஏறி வருவேன். ரப்பர் பால் வெட்டப் போகும் தொழிலாளர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். விழுந்தால் வந்து தூக்கிவிட்டுப் போவார்கள். முதன்முதலாக விழாமல் ஒரு வளைவைத் திரும்பிய அன்று எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. வீட்டுக்கு வந்து அம்மாளிடம், "சுடா பண்டாய்" என்றேன். தேறிவிட்டேன் என்று அர்த்தம். அவர் வண்டியைப் பார்க்காமல் என் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்து மஞ்சள் அரைக்கப் போனார்.

லைசென்ஸ் கையில் கிடைத்த வாரமே அவன் கடிதமும் வந்தது. கப்பல் சனிக்கிழமை, கிள்ளானை அடுத்த துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமில். மூன்று மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். 'கோபம் இன்னும் தீரவில்லை என்றாலும் பரவாயில்லை, வந்து திட்டிவிட்டுப் போ. முதல் பஸ்ஸில் வந்துவிடு. உன்னைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன்' என்று எழுதியிருந்தான். அச்சடித்த மாதிரி எழுத்து.

மாடிப்படியில் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு அந்த ஒருநாள்தான் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். முதல் பஸ்ஸில் ஏறியிருந்தால் காலையிலேயே போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் துறைமுக வாசலில் நான் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பதையும் அவன் வாய் பிளப்பதையும் இரண்டு மாதமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். மன்னிப்புக் கேட்பதை அப்படி வந்து கேட்டால் கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன். வருகிறேன் என்று மட்டும் பதில் எழுதினேன்.

ஆபீசில் வீணான துணியில் நீளமாக ஒரு துண்டு வெட்டி, கடலோரமாகக் கிள்ளான்வரை போகும் சாலையைப் பிரதி எடுத்தேன். பிரியும் வழிகளைக் குட்டையாகக் காட்டினேன். பெயர் ஒன்றும் எழுதவில்லை. என் கோழிக் கிறுக்கலால் நல்ல கோட்டைக் கெடுக்க மனம் வரவில்லை.

சனிக்கிழமை விடியும்போது கிளம்பினேன். அம்மாள் கதவடியில் நின்று, "ஜாலான் பாயிக்-பாயிக்" என்றார், பத்திரமாகப் போய்வரச் சொல்லி. துணியைப் பெட்ரோல் டாங்கின்மேல் ரப்பர் வளையங்களால் கட்டியிருந்தேன். போர்ட்டிக்சன்வரை எல்லாம் படம் சொன்னபடி வந்தது. கடல் ஒரு பக்கம், காற்று முகத்தில். நான் வாய்விட்டுப் பாடினேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

லுக்குட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மசி கரையுமே என்று துணியை உருவிச் சட்டைக்குள் திணித்தேன். மழை விட்டதும் எடுத்து மறுபடி கட்டினேன். கட்டியது புறம் மாற்றி. அந்தத் துணியில் கோடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். எழுத்து இருந்தால் திரும்பியிருப்பது உடனே கண்ணில் படும். என் துணியிலோ வெறும் கோடு. இடது வலதாயிற்று, வலது இடதாயிற்று, எனக்குத் தெரியவில்லை.

முதல் பிரிவில் கைகாட்டி எதுவும் இல்லை. இடப்பக்கம் குண்டும் குழியுமான சர்க்கார் சாலை. வலப்பக்கம் ஒரு தோட்டத்துக்காரர்கள் தங்கள் செலவில் தார் போட்டு வைத்திருந்த நல்ல சடக்கு. படம் வலது என்றது. சாலையும் நன்றாக இருந்தது. போனேன். அடுத்த பிரிவிலும் படம் சொன்னபடி திரும்பினேன். தார் போய்ச் செம்மண் வந்தது. அப்போதாவது யாரையாவது கேட்டிருக்கலாம். எதிரே சைக்கிளில் இரண்டு பேர் வரத்தான் செய்தார்கள். நான் வரைந்த சாலைக்கு நானே வழி கேட்பதா என்று ரோஷம். கேட்காமல் போனேன். ஓர் இறக்கத்தில் சேற்றில் சறுக்கி விழுந்தேன். எழுந்து பார்த்தால் கிளட்ச் பிடி முறிந்திருந்தது.

பக்கத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஓடிவந்த பெரியவர் ஒருவர், நான் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். டாங்கிலிருந்த துணியை நான் சட்டை நுனியால் துடைத்தபோதுதான் மழமழப்பான பக்கம் மேலே இருப்பது விரலில் பட்டது. நான் கோடு போடுவது சொரசொரப்பான பக்கத்தில். நாலு வருஷம் தொட்ட துணி. பார்க்காமலே எது முகம், எது முதுகு என்று சொல்லிவிடுவேன். அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தோட்டத்து ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் சனிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தார். அவர் வந்து, பழைய இரும்புத் துண்டு ஒன்றைப் பற்றவைத்துப் பிடி செய்து முடிப்பதற்குள் மணி இரண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை.

துறைமுகத்தை அடைந்தபோது ஐந்தரை. வண்டியை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். கூட்டம் கலைந்திருந்தது. வழியனுப்ப வந்தவர்களில் அவன் அக்கா மட்டும் கணவருக்காகக் காத்துக்கொண்டு நின்றார். முன்பொருமுறை அவரைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காலையிலேருந்து ஒவ்வொரு பஸ்ஸா போய்ப் பாத்தான் தம்பி. எல்லாரும் உள்ள போய்ட்டாங்க, இவன் மட்டும் வரல. அப்பா வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க." பிறகு என் சட்டையில் இருந்த சேற்றைப் பார்த்தார். "என்ன இது? பஸ்ஸு எங்கயாச்சும் கவுந்துருச்சா?"

என்ன சொல்ல? எல்லா பஸ்ஸையும் பார்த்தவனின் அக்காவிடம், நான் பஸ்ஸிலேயே ஏறவில்லை என்றா?

"ஆமாக்கா. வழியில பஸ் பழுதாயிருச்சு."

"நல்லவேள, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. நான் அவனுக்கு எழுதிடறேன்" என்றார். அவர் போகும்வரை மரத்தடிப் பக்கம் நான் திரும்பவில்லை.

அவர் எழுதினார். இரண்டு மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. பஸ் செய்த தப்புக்கு நீ என்ன செய்வாய், கிளம்பி வந்தாயே, அது போதும் என்று எழுதியிருந்தான். அதைப் படித்தபிறகு உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அப்புறம் நாளாக நாளாகச் சொல்வது இன்னும் சிரமமாயிற்று.

சில வருஷம் கழித்து அதே வண்டியில் வடக்கே போனேன். ஈப்போ, பினாங்கு, அப்புறம் எல்லையைக் கடந்து ஹாட்யாய். தனியாக நாலு நாள். அங்கிருந்து அவனுக்கு ஒரு தபால் அட்டை போட்டேன். ரயிலில் வந்ததாக எழுதினேன். பதிலில் அவன், வழிநெடுக உனக்குப் பேச்சுத்துணைக்கு யாராவது இருந்தார்களா என்று கேட்டிருந்தான். இருந்தார்கள் என்று எழுதினேன்.