நோன்பில் கோழி தின்றவள்

எங்கள் நஸ்லத் ஹன்னா கிராமத்தில் நோன்பு என்று பேச்செடுத்தால் என் மாமியார் ரிஃப்காவின் பெயர்தான் முதலில் வரும். எகிப்தியக் கிறிஸ்தவர்களான எங்களுக்கு வருஷத்தில் பாதிக்கு மேல் நோன்பு. அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் அடுப்பில் ஏறக்கூடாது. ஊரில் மற்றவர்கள் அங்கே இங்கே சறுக்குவார்கள். பிள்ளைத்தாய்ச்சி என்பார்கள், சர்க்கரை வியாதி என்பார்கள், ஒன்றும் அகப்படாவிட்டால் மறந்துபோய்விட்டது என்பார்கள். அத்தை நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு நாள்கூடச் சறுக்கியதில்லை. என் கணவர் மீலாத்தை வயிற்றில் சுமந்தபோதுகூட வெறும் பருப்பும் ரொட்டியும்தான். மீலாத் குள்ளமாகப் போனதற்கு அதுதான் காரணம் என்று நான் சண்டையில் சொல்வதுண்டு.

அவளுக்கு நோன்புக்கென்று தனிப் பாத்திரங்கள் இருந்தன. மேல் பலகையில் ஒரு சட்டி, ஒரு வாணலி, இரண்டு கரண்டி. அபூனா மித்யாஸ், அதாவது எங்கள் ஊர்ப் பாதிரியார், "இதெல்லாம் வேண்டாம் ரிஃப்கா, சட்டம் அப்படிச் சொல்லல" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவள் கேட்டால்தானே. நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம், தெரியாமல் கீழ்ப்பலகைக் கரண்டியை எடுத்துப் பருப்பைக் கிளறிவிட்டேன். அதில் எருமை நெய் ஒட்டியிருந்தது, நகக்கண் அளவு. அத்தை முகர்ந்து பார்த்தாள், சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு வாத்துகளுக்குக் கொட்டிவிட்டு வந்தாள். ஏழு பேர் அன்று வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ரொட்டி தின்றோம். ஒரு வருஷம் எனக்கு அந்த வாத்துகளைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது.

ஆனால் சமையல்? அதைக் குறை சொல்ல என் நாக்கு கூசும். ஹாத்தூர் மாதம் கோதுமை விதைப்பு முடிந்து காலையில் நைல் பக்கமிருந்து குளிர் ஏறும்போது, கிறிஸ்து பிறப்பு நோன்பு தொடங்கும். அப்போது அவள் முளைகட்டிய ஃபூல் பயறை வெங்காயமும் சீரகமும் போட்டுக் கொதிக்கவைத்து எலுமிச்சை பிழிந்து தருவாள். சளி பிடித்த மூக்கு தானாகத் திறந்துகொள்ளும். சேப்பங்கிழங்கை வழுவழுப்புப் போகக் கழுவி, கீரையும் கொத்தமல்லியும் பூண்டும் வதக்கிப் போட்டு ஒரு குழம்பு வைப்பாள். இறைச்சி இல்லையே என்று யாருக்கும் தோன்றாது. பருப்புக்குப் பூண்டு தாளிக்கும்போது கடிகாரம் பார்க்க மாட்டாள். "ஆண்டவரே இரங்கும்" என்று நாற்பத்தொரு தடவை சொல்வாள், கோயிலில் சொல்வதுபோல. நாற்பத்தொன்று முடியும்போது பூண்டு சரியாகப் பொன்னிறமாக இருக்கும். நான் ஒரு நாள் வேகமாகச் சொல்லிப் பார்த்தேன், பூண்டு பச்சையாகவே கிடந்தது. "சாமிகிட்ட பேசுறியா, பஸ்ஸப் பிடிக்க ஓடுறியா?" என்று கேட்டாள்.

மாமா ருஷ்தி முப்பத்தைந்து வருஷம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை செய்தவர். பேச்சு குறைவு. அவருடைய பெருமையெல்லாம் மனைவிதான். தேநீர்க் கடையில் யாராவது பக்தியைப் பற்றிப் பேசினால், "என் வீட்டுக்காரிகிட்ட வந்து பேசு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடிப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன், நோன்பு தொடங்கப் பத்து நாள் இருக்கையில், மாமாவுக்கு வயிற்றில் அறுவை நடந்தது. பாதி இரைப்பையை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இதுதான்: "நாற்பது நாளைக்குக் கோழிச்சாறு, முட்டை, பால். பயறு கியறு கிட்டயே வரக்கூடாது. உடம்புல சத்து ஏறலைன்னா உள்புண் ஆறாது. ஆறலைன்னா நான் பொறுப்பில்ல."

மீன் இந்த நோன்புக்கு ஆகும், ஆனால் மாமாவுக்கு ஆகவில்லை. வாடை பட்டாலே குமட்டினார். அபூனா வீடு தேடி வந்து, நோயாளிக்கு நோன்பு இல்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று சிலுவையைத் தலையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். அத்தையும் கீழ்ப்பலகையிலிருந்து சட்டியை இறக்கித் தன் கையாலேயே கோழிச்சாறு வைத்தாள். ஏலக்காய் தட்டிப் போட்டு, நுரை எடுத்து, கண்ணாடி மாதிரி.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் வரை மாமா குடித்தார். தொடங்கிய அன்று கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டார். தேநீரில் தோய்த்த ரொட்டி இரண்டு வாய், அவ்வளவுதான். மீலாத் கெஞ்சினார், அபூனா மறுபடி வந்து அதட்டினார். மாமா தலையாட்டுவார், சாப்பிட மாட்டார். பத்து நாளில் கன்னம் ஒட்டிப்போனது. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது.

பதினோராம் நாள் காலையில் நான் தனியாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, அபூனாவே சொல்லியாச்சு. இன்னும் என்ன பிடிவாதம்? யாரு மேல கோவம்?"

"கோவமெல்லாம் இல்லம்மா இரீனி."

"அப்ப ஏன்?"

"அவ எதிர்ல உக்காந்து காஞ்ச ரொட்டி திங்கிறா. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டே நோன்பு பிடிச்சவம்மா அவ. அவ முன்னாடி நான் கோழிக்கால உறிஞ்சவா? கூசுது. தொண்டையில இறங்கமாட்டேங்குது."

எனக்கு வந்த கோபத்தை என்னால் அடக்க முடியவில்லை. நேரே அடுப்படிக்குப் போனேன். அத்தை மேல்பலகைச் சட்டியில் பயறு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவரக் கொல்றது நோயில்ல. உங்க நோன்பு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மாமா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அறை விழும் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த பயறைத் தண்ணீருக்குள் விட்டாள், கையைத் துடைத்தாள், கறுப்பு முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவள் போனது அபூனா வீட்டுக்கு. என்ன பேசினார்கள் என்று பிறகு அபூனாவின் மனைவி சொல்லித்தான் தெரியும்.

"அபூனா, எனக்கும் நோன்புலேர்ந்து அனுமதி குடுங்க."

"உனக்கென்ன நோய்?"

"அவருக்கு என்னவோ அதே."

"விளையாடாத ரிஃப்கா. கல்லு மாதிரி இருக்க. நல்லா இருக்கிற உடம்புக்கு அனுமதி குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"சரி. அப்ப கேக்கல, சொல்லிட்டுப் போறேன். இன்னைக்கிலேர்ந்து நான் கோழி திங்கப் போறேன். அனுமதி இல்லாமத் திங்கிறவ பூசையில நற்கருணை அப்பம் வாங்க வரக்கூடாது, அதுவும் எனக்குத் தெரியும். வரமாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "மொட்டைமாடிக்குப் போயி அந்தச் சிவப்புக் கோழியப் பிடிச்சுட்டு வா" என்றாள். எனக்குச் சந்தேகம். என்னைச் சோதிக்கிறாளோ? "நோன்புல்ல அத்தை" என்று இழுத்தேன். "எனக்கே நோன்பு சொல்லித் தர்றியா? போ."

மாடியில் நான் கோழியைத் துரத்துவதை அடுத்த மாடியிலிருந்து வாத்து வளர்க்கும் பக்கத்து வீட்டு நர்கிஸ் பார்த்துவிட்டாள். ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மூக்காலேயே சொல்கிறவள். "யாருடி விருந்தாளி, நோன்புநாளும் அதுவுமா?" என்றாள். "எங்க மாமாவுக்கு" என்றேன். "அவருக்கு ஒரு கோழி முழுசா?" என்று சிரித்தாள். நான் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

மதியம் அத்தை தாழ்வான மேசையைக் கொண்டுவந்து மாமாவின் கட்டிலை ஒட்டிப் போட்டாள். சாறு, வேகவைத்த கோழி, வெயிலில் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டி. இரண்டு தட்டு. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள், ஒரு காலைப் பிய்த்துத் தன் தட்டில் வைத்தாள், எடுத்துக் கடித்தாள்.

மாமா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "ஏய், என்ன பண்ற?"

"பார்த்தா தெரியல? சாப்பிடுறேன்."

"நோன்புடி!"

"என்ன நாளுன்னு எனக்கும் தெரியும்."

"பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு? கீழ வை. பாவம்."

"பாவம் என்னோடது. உங்களுக்கு அபூனா அனுமதி குடுத்தாச்சு, உங்க கணக்கு சுத்தமா இருக்கு. நீங்க மேல போயி எனக்காக ரெண்டு வார்த்தை பேசுங்க. ஆனா இப்ப இல்ல, ஒரு இருபது வருஷம் கழிச்சு." இன்னொரு வாய் கடித்தாள். "உப்பு கம்மி. இரீனி, உப்பு கொண்டா."

நான் உப்பைக் கொண்டுவந்தபோது மாமாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அத்தை பார்க்காத மாதிரி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவர் கிண்ணத்தை எடுத்தார். முழுக் கிண்ணமும் குடித்தார். பிறகு நெஞ்சுக்கறியில் பாதி.

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பின்கட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். நாற்பது வருஷம் அந்த நாட்களில் இறைச்சி காணாத உடம்பு, ஏற்றுக்கொள்ளவில்லை. முதுகைத் தடவினேன். "சத்தம் போடாத, அவருக்குக் கேக்கும்" என்றாள். வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, திரும்பவும் போய் அவர் எதிரில் உட்கார்ந்து, இன்னொரு துண்டை எடுத்துவைத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் வாத்துகளுக்குப் போன பருப்பை நான் மன்னித்துவிட்டேன்.

அப்படித் தினமும். காலையில் முட்டை, மதியம் கோழி, சாயங்காலம் பால். அவர் ஒரு வாய் என்றால் அவளும் ஒரு வாய். நான்காம் நாளிலிருந்து வாந்தி நின்றது. எங்களுக்கெல்லாம் மேல்பலகைச் சட்டியில் தனியாகப் பயறும் கிழங்கும் வழக்கம்போல வைத்தாள். அதை ருசி பார்க்கக்கூட இல்லை, என்னைத்தான் பார்க்கச் சொன்னாள். "கோழி தின்ன வாய நோன்புச் சட்டியில வைக்கக்கூடாது" என்றாள். இந்தச் சட்டத்தை எங்கிருந்து பிடித்தாள் என்று அபூனாவுக்கே தெரிந்திருக்காது.

வாசனையைச் சட்டிக்குள் பூட்டிவைக்க முடியுமா? ஊருக்கே தெரிந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண்கள் பக்கம் நற்கருணைக்கு வரிசை நகரும்போது முதலில் நிற்பவள் அத்தைதான், எப்போதும். வெள்ளை முக்காடும், வெறுங்காலும், அப்பம் வாங்கியதும் வாயைப் பொத்தும் சின்னத் துணியுமாக. அந்த ஞாயிறு அவள் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். எல்லாத் தலையும் திரும்பியது. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

மூன்றாம் ஞாயிறு வாசலில் நர்கிஸ் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, நாப்பது வருஷத்து நோன்பு ஒரு கோழியோட போச்சா?"

"ஒரு கோழியா? ஒம்பது ஆச்சு" என்றாள் அத்தை. "ரெண்டு வாத்து மிச்சமிருந்தா குடு, அதையும் பார்த்துடலாம்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். வீடு வரைக்கும் அவள் தலை நிமிர்ந்துதான் நடந்தாள். உள்ளே வந்து முக்காட்டைக் கழற்றியதும் உட்கார்ந்து அழுதாள். நற்கருணை இல்லாத வாரம் அவளுக்குச் சாப்பாடு இல்லாத வாரம் மாதிரி. அது அவளை எவ்வளவு வாட்டியது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

மாமாவின் கன்னம் மெல்ல நிரம்பியது. டாக்டர் தொட்டுப் பார்த்து, புண் ஆறிவிட்டது என்றார். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு மாமா தன் காலால் நடந்து தேவாலயத்துக்கு வந்தார். பூசை தொடங்குமுன் அத்தை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சுவரோரப் பெஞ்சில் அபூனா உட்கார்ந்திருந்தார். நான் நாலு தூண் தள்ளி நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை. அத்தைக்கு மெதுவாகப் பேச வராது, நான் என்ன செய்ய?

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எத்தனை கோழி, எத்தனை முட்டை. அபூனா கேட்டார்: "இதுக்கு மனசார வருத்தப்படுறியா, மகளே?"

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் சிலுவையைத் தூக்கியும்விட்டார்.

"இல்ல அபூனா" என்றாள் அத்தை.

தூக்கிய கை அப்படியே நின்றது.

"வருத்தப்படுறேன்னு சொன்னா பொய்யாயிரும். நாளைக்கே அவருக்கு முடியாமப் போனா மறுபடியும் திம்பேன். பொய் சொல்லி நற்கருணை வாங்கமாட்டேன். உங்களுக்கு மன்னிப்புக் குடுக்க முடியலைன்னா வேணாம். பெஞ்சிலேயே உக்காந்திருக்கேன், பழகிடுச்சு."

அபூனா சிலுவையை மடியில் இறக்கினார். தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "ஊரு என்ன சொல்லும்னு பார்த்தேன், ரிஃப்கா" என்றார். "நீ கேட்ட அன்னைக்கே குடுத்திருக்கணும். நீ வருத்தப்பட வேணாம். நான் படுறேன்." சிலுவையை அவள் தலையில் வைத்து ஜெபத்தைச் சொன்னார்.

அன்று பெண்கள் வரிசை நகரத் தொடங்கியதும் நர்கிஸ்தான் முதலில் நின்றாள். அத்தை பெஞ்சிலிருந்து எழுந்தாள். நர்கிஸ் திரும்பிப் பார்த்தாள், ஒரு நொடி யோசித்தாள், பிறகு ஒதுங்கி வழிவிட்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து மாமா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வெறுங்காலோடு, கையில் அந்தச் சின்னத் துணியோடு முன்னே நடந்தாள். பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து, "பாருங்க, எங்க அத்தை" என்றேன். அவளுக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து எங்கள் தெருக்காரி அவள். ஆனாலும் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.