ஓடச் சொன்ன நிருபர்

காஹாங் செம்பனைத் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அப்படியும் லாரிப் பட்டறை வைத்தேன், சாப்பாட்டுக் கடை வைத்தேன், கெலாங் பாத்தாவில் குளுகுளுன்னு ஏர்கோன் போட்ட கல்யாண மண்டபமே கட்டினேன். போன மாதம் வீடியோ கேம் போட்டி ஒன்றின் இறுதிச்சுற்று அங்கேதான் நடந்தது.

அதைப் படம் பிடிக்க டிவி விளையாட்டு நிருபர் ஒருவர் வந்தார். தொப்பை பிதுங்கும் டிராக் சூட், கழுத்தில் துண்டு. நின்ற இடத்திலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உட்கார்ந்து விரலைத்தானே ஆட்டுறாங்க. வியர்வையே இல்ல, இதெல்லாம் விளையாட்டா அங்கிள்?"

"உங்களுக்கு ஊத்துதே, நீங்க என்ன விளையாடுனீங்க?" என்றேன்.

அட அலமாக், மனுஷர் சிரிக்கவே இல்லை. ஜெயித்த ஐந்து பேரையும் கூப்பிட்டு, மண்டபத்தைச் சுற்றி ஓடவிட்டுப் படம் பிடித்தார். சாயங்காலச் செய்தியில் அந்த ஓட்டம் மட்டும்தான் வந்தது. ஐவரில் ஒருத்தி என் பேத்தி. மெர்சிங்கிலிருந்து என் மகள் போன் போட்டு, "அப்பா, நம்ம பாப்பா எப்ப ஓட்டப் பந்தயத்துல சேர்ந்தா?" என்கிறாள்!

பிள்ளைகள் மூளையைக் கசக்கி ஆடியதைக் கண்ணால் பார்த்தவர், அதைக் காட்ட ஏன் அப்படிக் கூசினார்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நிருபரே, ஆட்டத்தைக் காட்ட மனசு வராவிட்டால் போகட்டும். அவர்கள் சுற்றி ஓடிய மண்டபம் நான் கட்டியது. அதையாவது சொல்லுங்க லா.