மூட்டம் போடாத வாரம்

"…அப்ப அந்தப் பொடிக்கொசுவுக்குள்ள இருந்ததுக்குப் பேரு வச்சுட்டீங்க. எங்க கன்னுக்குத்தான் பேரு வைக்கக் குடுத்துவைக்கல" என்றாள் தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. வாடிப்பட்டிக்கு மேற்கே வாய்க்கால் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் கடைசி வீட்டுக்காரி. பார்த்த முதல் நாளே என்னை 'டிரைவரண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிட்டதால் எனக்கு அவள் தங்கச்சியாகிவிட்டாள். எங்கள் டாக்டரம்மா அவளுக்கு எதிரே, தொழுவத்து வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். மாட்டு டாக்டர் யாராவது தொழுவத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அவர் தலை நிமிரவில்லை.

போன ஆடியில் டாக்டரம்மா காலமானார். பணி ஓய்வுக்கு இன்னும் வருடங்கள் இருந்தன. வயிற்றில் வந்த நோய் விட்டுவைக்கவில்லை. மதுரையில் அவர் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெரிய படிப்புக்காரர்கள், மாடுகளைத் தாக்கும் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்ததில் அவருக்கிருந்த பங்கைப் பற்றி நல்ல மாதிரி பேசினார்கள். அவ்வளவும் உண்மை. நான் அரைகுறைப் பள்ளிக்கூடம். டீக்கடைப் பேப்பரும் நாலு பேர் பேச்சும்தான் எனக்குப் படிப்பு. ஆனால் அவருக்கு ஜீப் ஓட்டியவன் நான். அந்தக் கண்டுபிடிப்புக்குள் ஒரு கன்றுக்குட்டி இருக்கிறது என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. டாக்டரம்மா மட்டும் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

மாடுகளுக்குத் தோலெல்லாம் கட்டி கட்டியாக வந்த அந்த அம்மை ஓய்ந்து, ஜனங்கள் கொஞ்சம் மூச்சு விட்ட சமயம் அது. அந்த வாய்க்கால் கரை ஊரில் இன்னொன்று தலைகாட்டியது. மாடுகளுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத் தின்றன, நன்றாகக் கறந்தன. ஆனால் பிறக்கிற கன்றுகள் முன்னங்கால் மடங்கி, கழுத்து ஒரு பக்கமாகத் திருகி, செத்தே விழுந்தன. கிரகணத்தில் மாட்டை வெளியே விட்டதால் என்றார்கள். சினை ஊசியில் கோளாறு என்றார்கள். யார் வீட்டிலோ பாவம் என்றும் சொன்னார்கள். பல்லில்லாத வாய்க்கும் பாவம் சொல்ல வரும் என்பார் என் மாமனார். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "இது கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சி கடிச்சு வர்றதுண்ணே. தாய்க்கு ஒண்ணும் பண்ணாது, வயித்துல இருக்கிறதத்தான் கெடுக்கும். ஆனா நமக்குத் தெரிஞ்ச கிருமி எதுவும் ஒத்துப்போகல. புதுசா இருக்கலாம். அந்தப் பூச்சியையே புடிச்சாத்தான் தெரியும்."

அந்தப் பூச்சி எள்ளில் பாதிகூட இருக்காது. அந்தி மயங்கும்போது வாய்க்கால் சேற்றிலிருந்தும் சாணிக் குழியிலிருந்தும் கிளம்பும். அதைப் பிடிக்க ஒரு விளக்குப் பொறி வைத்திருந்தோம். மேலே நீல வெளிச்சம், நடுவில் சின்ன மின்விசிறி, அடியில் ஒரு டப்பா. வெளிச்சத்துக்கு வருகிற பூச்சியை விசிறி உறிஞ்சி டப்பாவில் தள்ளும். சாயங்காலம் தொழுவத்தில் கட்டிவிட்டு, விடிந்ததும் போய் எடுப்போம். ஊரில் நாலைந்து தொழுவத்தில் கட்டிப் பார்த்தும் டப்பாவில் ஈசல்தான் விழுந்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு மூட்டம் போடுகிறார்கள். உடைந்த சட்டியில் எருவாட்டி, மேலே வேப்பந்தழை, நொச்சித்தழை. அந்தப் புகையில் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிற எனக்கே கண் எரியும். பூச்சி எங்கே வரும்? ஊராருக்குத் தெரிந்த ஒரே மருந்து அது. அதைத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசி வீட்டுத் தொழுவம்தான் வாய்க்காலுக்கு மிகப் பக்கம். அங்கே தங்கச்சி இன்னும் கன்று போடாத கிடேரி ஒன்றே ஒன்று வைத்திருந்தாள். தாய்மாடு அம்மையில் போய்விட, அவள் கையில் கஞ்சி குடித்து வளர்ந்தது. டாக்டரம்மா விஷயத்தைச் சொல்லும்போது பாதித் தெரு கூடிவிட்டது. தங்கச்சியின் வீட்டுக்காரர் பொறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்ணே, கொசு புடிக்கவா கவர்மென்ட்டுல ஜீப்பு குடுத்துருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா மாப்ள. சல்லிக்கட்டுல மாடு புடிக்கிறவனுக்குத் துண்டு, கொசு புடிக்கிறவனுக்கு ஜீப்பு" என்றேன். கூட்டம் சிரித்தது.

"சிரிக்காதீங்க. கெடைக்கிற கிருமிக்கு எங்க ஊர்ப் பேர வச்சுராதீங்க டாக்டரம்மா. அப்புறம் எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்" என்றார் வீட்டுக்காரர்.

"வைக்க மாட்டேன், சத்தியமா" என்று டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு தங்கச்சியைப் பார்த்துக் கேட்டார். "ஒரு வாரம் மூட்டம் போடாம இருக்கணும். கிடேரி சினையா இருந்தா வேணாம், வேற எடம் பாத்துக்கிறேன். சினையா?"

தங்கச்சி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் அண்டைவீட்டு மதினி நின்றிருந்தாள். அந்த மதினியின் மாடுதான் நாலு நாளைக்கு முன்னால் செத்த கன்று போட்டிருந்தது. "இல்லம்மா" என்றாள் தங்கச்சி. "இன்னும் பருவத்துக்கே வரல."

டாக்டரம்மா அன்றைக்கே கிடேரியின் கழுத்தில் ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டார். கையை விட்டுச் சோதித்திருந்தால் சினையா இல்லையா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். வீட்டுக்காரியே சொன்ன பிறகு எதற்கு என்று விட்டுவிட்டார். அந்த வாரம் தினமும் விடியலில் போனோம். டப்பாவின் அடியில் கறுப்பு மாவு மாதிரி படிந்து கிடந்தது. டாக்டரம்மா அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "கெடச்சிருச்சுண்ணே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தொழுவத்தில் கிடேரி காலை உதைத்துக்கொண்டும் வாலை வீசிக்கொண்டும் நின்றது. தங்கச்சி ஒரு ஈரத்துணியால் அதன் வயிற்றைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அது எதற்கு என்று அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மாதம் ஒரு முறை ரத்தம் எடுக்கப் போவது வழக்கமாயிற்று. இரண்டாவது தடவை போயிருந்தபோது தெருவில் ஆளில்லை. டாக்டரம்மா கிடேரியைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு சோதித்தார். கையை எடுத்ததும் கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"ஏம்மா, ஆறு மாசச் சினை. அன்னைக்குக் கேட்டேனே."

"அம்புட்டுப் பேரு முன்னாடி எப்படிம்மா சொல்லுவேன்" என்றாள் தங்கச்சி. "மதினி கன்னப் பறிகுடுத்துட்டுக் கண்ணு காயாம நிக்கிது. அது காதுபட எம்மாடு சினைன்னு சொல்ல வாய் வரல. அதுபோக, வயிறு தெரியிற வரைக்கும் வெளிய சொல்ல மாட்டோம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. கொசுவுதானே கடிக்கும்னு நெனச்சேன்."

சில கேள்விகளைக் கூட்டத்தில் கேட்டால் பொய்தான் பதிலாக வரும். கெட்ட எண்ணத்தில் வருகிற பொய் இல்லை. எதிரே நிற்பவள் மனசு நோகக்கூடாதே என்று வருகிற பொய். இதை நான் அப்புறம் பல நாள் யோசித்துத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. "கன்னு போடுற நேரம் எந்நேரமா இருந்தாலும் போன் பண்ணு" என்று மட்டும் சொன்னார். பூச்சிகளைச் சோதித்த முடிவு வெளியூர் ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. அதுவரை அந்த முடிவை எதிர்பார்த்துக் காத்திருந்தவர், அதற்குப் பிறகு தபால் வரும் நேரமெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

போன் வந்தது காலை வேளையில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிடேரி படுத்துவிட்டது. கன்றின் கால்கள் மடங்கி இறுகிப்போயிருந்ததால் வெளியே வர வழியில்லை. டாக்டரம்மா மண்ணில் படுத்துக்கொண்டு தோள்வரை கையை விட்டு, நெடுநேரம் போராடி அதை எடுத்தார். உயிரோடு வந்தது. நல்ல செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. கண்களில் பால்போலப் படலம் படர்ந்திருந்தது. எழுந்திருக்க எத்தனித்து எத்தனித்து விழுந்தது. தங்கச்சி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த கன்று தானாக எழுந்து நின்று, மடியைத் தேடி ஒரு வாய் பால் குடித்த பிறகுதான் அதற்குப் பேர் வைப்பார்கள். அவள் பாலாடையில் சீம்பாலை எடுத்து அதன் வாயோரம் விட்டுக்கொண்டே, "எந்திரிச்சுரு சாமி, ஒரு தடவ எந்திரிச்சுரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது. ரெண்டு நாள் கழித்துக் கன்றின் மூச்சு அடங்கியது; நாங்கள் மறுபடி போனோம். டாக்டரம்மா கேட்கத் தயங்கியதை அவளே சொன்னாள்: "கொண்டு போங்க. பாத்துச் சொல்லுங்க." பின் சீட்டில் போடலாம் என்று நான் சொல்லியும் கேட்காமல், அந்தக் கன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் டாக்டரம்மா மதுரை வரை வந்தார். விளாங்குடி தாண்டும் வரை அவர் கை அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தது.

முடிவு வந்த அன்று ஆபீசில் எல்லோரும் கை கொடுத்தார்கள். பூச்சியில் இருந்த கிருமியும் கன்றின் மூளையில் இருந்த கிருமியும் ஒன்றே. இதுவரை யாரும் பதிந்திராத ஒன்று. எழுத்தும் எண்ணுமாக ஒரு பேர் வைத்திருந்தார்கள். சத்தியம் செய்தபடி அதில் ஊர்ப் பேர் இல்லை. கிடேரியின் ரத்தம் இன்னொன்றையும் சொன்னது. அந்த வாரத்துக்கு முன்னால் எடுத்ததில் கிருமியின் சுவடே இல்லை. அடுத்த மாதம் எடுத்ததில் இருந்தது. டாக்டரம்மா கேசரியைக் கையில் வாங்கி அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, "ஜீப்ப எடுங்கண்ணே" என்றார்.

வழியில் நான் கெஞ்சினேன். "சொல்லணுமா மேடம்? ஆறுன புண்ணக் கீறக் கூடாதும்பாங்க."

"அவளுக்கு இன்னும் ஆறலண்ணே. பாத்துச் சொல்லுங்கன்னு குடுத்தா. பாத்தாச்சு." ஜீப் சமயநல்லூரைத் தாண்டியது. பிறகு, என்னிடம் சொல்கிறாரா தனக்கே சொல்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்: "ஒரு தடவ பட்ட மாட்டுக்குத் திரும்ப வராதுன்னு நெனைக்கிறேன். அடுத்த கன்னு நல்லாப் பொறக்கும். அது நெசமான்னு தெரியணும்னா அந்த மாட்டுக்கிட்டயே இன்னும் ரத்தம் எடுத்துப் பாக்கணும். சுத்து ஊரு அம்புட்டுக்கும் அது ஒதவும். ஆனா இனி எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கேக்குறது? கேக்க மாட்டேன்." ரத்தம் எடுக்கிற பெட்டியை ஜீப்பிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

தொழுவத்து வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒன்றையும் மறைக்கவில்லை. தான் மூட்டம் போடாதே என்று சொன்ன வாரத்தில்தான் இது நடந்திருக்கிறது என்றார். மூட்டம் போட்டிருந்தாலும் கடித்திருக்கலாம், ஆனால் அதைச் சொல்லித் தான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை என்றார். கையை விட்டுப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்றார். கிருமிக்கு வைத்த பேரையும் சொன்னார். அப்போதுதான் தங்கச்சி, நான் முதலில் சொன்னேனே, அந்தப் பேரைப் பற்றியும் கன்றைப் பற்றியும் அப்படிச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை; யாரையும் குத்திக்காட்டுகிற தொனியும் இல்லை. தனக்கு வந்த ஒரு கணக்கை வாசித்துப் பார்த்தது போல இருந்தது. இனி இந்த வாசலில் நமக்குப் பேச்சில்லை என்று நினைத்து நான் ஜீப் சாவியைக் கையில் எடுத்தேன்.

தங்கச்சி திரும்பித் தொழுவத்துக்குள் போனாள். முளையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். கிடேரியை வெளிச்சத்துக்கு நடத்திக்கொண்டு வந்து, அதன் தலையைத் தன் தோளோடு சாய்த்துப் பிடித்து, ரத்தம் எடுக்கும்போது டாக்டரம்மா செய்வதுபோலக் கழுத்துப் பள்ளத்தில் கட்டைவிரலை ஊன்றி, நரம்பு புடைத்து எழும் வரை அழுத்திக்கொண்டு நின்றாள்.