ரேடியோ அக்கா போடாத கையெழுத்து

இரட்டை டூட்டி பார்த்த அலுப்பில் வீட்டுக்குப் போகத் தெம்பில்லாமல், ஓட்டுநர் ஒருநாள் காலையில் பேருந்துப் பணிமனையின் வாசலில், ஜனங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தடியில் துண்டை விரித்து, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டான். எழுந்து பார்த்தால் வளாகம் முழுக்கப் பெருக்கியாகிவிட்டது. அவனைச் சுற்றி மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குச் சருகு அப்படியே கிடந்தது. விளக்குமாற்றுச் சத்தத்தில் தூக்கம் கலைந்துவிடக் கூடாதென்று பெருக்குகிற அக்கா அந்த இடத்தை விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதற்காக அப்போதிருந்த மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்பது அவனுக்கு ஒரு வாரம் கழித்து நடத்துநர் சொல்லித்தான் தெரியும். அவள் மூச்சு விடவில்லை.

மற்றதற்கெல்லாம் அவள் வாய் மூடாது. அதனால்தான் ரேடியோ அக்கா என்று பெயர். அந்த ரேடியோவில் தினமும் ஒரே நிகழ்ச்சி, மரத்துக்கு வசவு.

"சோம்பேறிக் கழுத! சாயங்காலமானா இலைய மூடிக்கிட்டுத் தூங்கிடற. விடிஞ்சா எந்தலையில கொட்டுற. உனக்குக் கூட்டிக் கொட்டறதுக்குத்தான் என்னைப் பெத்து விட்டாங்களா?"

திட்டுவதற்கு நியாயம் இருந்தது. அதன் நெற்று டயரில் நசுங்கிப் பிசுபிசுவென்று தரையில் அப்பிக்கொள்ளும். விளக்குமாறு இழுத்தால் வராது.

"மரம் பதில் பேசுதாக்கா?" என்று நடத்துநர் வாயைக் கிளறுவான்.

"உங்க மாமாவும்தான் பேசினதில்ல. முப்பது வருஷம் திட்டினேன். பேசாமலே போய்ச் சேர்ந்துட்டாரு."

கோடையில் பஸ் கழுவி மிஞ்சிய தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து வேரில் ஊற்றுவதும் அவள்தான். ஊற்றும்போது, "குடிச்சுத் தொல" என்பாள்.

இப்படி இருக்கையில் புது மேலாளர் வந்தார். கசங்காத சட்டை, கதவில் தொங்கும் பலகையில் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம். வந்த நாலாம் நாள் அவருடைய காரின் மேல் ஒரு காக்கை தன் கடமையைச் செய்துவிட்டுப் போனது. அன்றோடு மரத்துக்கு நாள் குறித்துவிட்டார். ஆனால் நல்ல மரத்தை நினைத்தபடி வெட்டிவிட முடியாது. அங்கே கூட்டிப் பெருக்குகிற ஆளும், மற்ற தொழிலாளிகளும் மரம் இடைஞ்சலாக இருக்கிறதென்று எழுதித் தரவேண்டும் என்று விதி. மேலாளர் சிரித்துக்கொண்டார். தினமும் மரத்தைக் கரித்துக்கொட்டுகிறவள் ஒருத்தி கையிலேயே இருக்கிறாளே!

நம் வீட்டுப் பெண்கள் யாரைத் திட்டுவார்கள், யாரைத் திட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பது எழுத்துக்கூட்டிப் படிக்கிற நமக்கே தெரியும். அந்த மூன்று பட்டத்துக்குள் இது இல்லை போலிருக்கிறது. பாவம், எவ்வளவு செலவழித்துப் படித்தாரோ.

அவளைக் கூப்பிட்டனுப்பினார். விடுப்புச் சீட்டோடு ஓட்டுநரும் அந்த அறையில்தான் நின்றிருந்தான்.

"இந்தாம்மா, நானே எழுதி வச்சிட்டேன். கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பதினோரு வருஷமா தற்காலிகமாவே இருக்கியாமே? நிரந்தரம் பண்ணச் சொல்லி உன் பேரை மேல அனுப்பிடறேன்."

அந்த ஒரு சொல்லுக்காக அவள் சாமி முன்னால் எத்தனை நாள் கையேந்தி நின்றிருப்பாள்! முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. நிரந்தரமானால் வைத்தியத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, கடைசிக் காலத்துக்கு ஒரு பிடிமானம் உண்டு. அவள் காகிதத்தை வாங்கி ஓட்டுநரிடம் நீட்டினாள்.

"என்ன எழுதியிருக்கு, படி தம்பி."

"மரத்தின் இலையாலும் நெற்றாலும் என் பணி பெரிதும் பாதிக்கப்படுகிறதுன்னு எழுதியிருக்குக்கா."

"நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்?"

"தினமும் சொல்றியே! ஜன்னலச் சாத்தினாலும் கேக்குது!"

"எம் மருமகளையுந்தான் தினமும் திட்டறேன். அதுக்காக அவளையும் வெட்டிருவீங்களா?"

வெளியே நடத்துநர் களுக்கென்று சிரித்தான். மேலாளருக்கு முகம் சுண்டிப்போனது.

"பஸ்ஸுக்கு வர்ற ஜனங்களுக்கு நிழற்குடை கட்டித் தரப்போறோம். உனக்கென்ன கவலை?"

"புள்ளத்தாச்சி, வயசானவங்க எல்லாம் அங்கதான சார் நிக்கறாங்க. மொதல்ல கொடையக் கட்டுங்க. அப்பறம் பேசலாம்."

காகிதத்தை மேசையில் வைத்து, அது பறக்காமல் இருக்க அவருடைய பேனாவையே அதன்மேல் பாரமாக வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மேலாளர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். மரம் போனால் அந்த இடத்தில் தொழிலாளிகளுக்கு ஏசி போட்ட ஓய்வறையும் வரும் என்றார். அவ்வளவுதான், நாற்பத்து மூன்று பேர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். வருஷக்கணக்காக அந்த மரத்தடியில் குறட்டை விட்டவர்கள், சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்தவர்கள், பெண் பார்க்கும் பேச்சை அங்கேயே முடித்தவர்கள், ஒருத்தர் பாக்கியில்லை. ஓட்டுநரும் போட்டான். எல்லாரும் போடும்போது நான் ஒருத்தன் போடாவிட்டால் நின்றுவிடப் போகிறதா என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். நாற்பத்து மூன்று பேரும் இதையேதான் சொல்லிக்கொண்டார்கள்.

பாக்கி இருந்தது அவள் கையெழுத்து. அதற்கும் வழி கண்டுபிடித்தார் மேலாளர். பட்டறைக் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு கழுவ அவளை அனுப்பிவிட்டு வாசலுக்குப் புது ஆளைப் போட்டார். அவன் விளக்குமாற்றைத் தொடுவதற்கு முன்பே பேனாவைத் தொட்டான். ஒரு நாள்கூடப் பெருக்காதவனுடைய பணி பெரிதும் பாதிக்கப்பட்டதாக மேலிடம் ஒப்புக்கொண்டது.

இரண்டு நாளில் மரம் போனது. ஆண்டவன் கூலி கேட்காமல் போட்டு வைத்த பந்தல். பிரித்தவர்களை அவனே பார்த்துக்கொள்வான், நாம் எதற்கு வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

நிழற்குடைக்கு நாலு தூண் எழும்பியதோடு வேலை நின்றுவிட்டது. ஓய்வறைக்குத் தகரக் கூரை வந்தது, மேலாளர் பெயர் பொறித்த கல்வெட்டு வந்தது, ஏசி மட்டும் வரவில்லை. உள்ளே உட்கார்ந்தால் அடுப்பில் ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் மேலாளரின் கார் அங்கே குடியேறியது. காக்கை எச்சம் படாத பரிசுத்தமான கார்.

ஜனங்கள், நின்றிருக்கிற பஸ்ஸின் நிழலில் ஒண்டினார்கள். பஸ் கிளம்பினால் நிழலும் கிளம்பிவிடும். மூட்டை முடிச்சோடு அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவார்கள். ஒரு மத்தியானம் ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுக்கப் போனபோது நடத்துநர் விசிலை ஊதிக்கொண்டே தகரத்தில் தட்டினான். இறங்கிப் பார்த்தால், பின்சக்கரத்தில் சாய்ந்தபடி ஒரு கைக்குழந்தைக்காரி கண்ணயர்ந்திருந்தாள். அதிலிருந்து ஓட்டுநர் ஒவ்வொரு தடவையும் இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். தாமதம் என்று மேலாளர் அதற்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்.

அடுத்த மாதம் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மரம் விழுந்த நாளிலிருந்து அவள் ஓட்டுநரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள். கடைசி நாள் துணிப்பையோடு வாசலைத் தாண்டப் போனவளை அவன் ஓடிப்போய் மறித்தான்.

"அக்கா, நானும் போட்டுட்டேன்க்கா. தப்புதான். ரெண்டு வார்த்த திட்டிட்டாவது போக்கா."

அவள் மரம் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எங்க நின்னு போட்ட?"

"மரத்தடியிலதான்க்கா."

"குளுகுளுன்னு இருந்திருக்கும்."

பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். நாலடி போய்த் திரும்பிச் சொன்னாள்:

"இனிமே எதுல கையெழுத்துப் போட்டாலும் வெயில்ல நின்னு போடு."