பெட்டி எதிர்வீட்டில், திரை எங்கள் வீட்டில்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணினியில் பாதிதான் எங்களுடையது. மறுபாதி எதிர்வீட்டாருடையது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆவடியில், ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். முதல் மாடி. படியேறி வந்தால் இடப்பக்கம் எங்கள் கதவு, வலப்பக்கம் அவர்கள் கதவு, நடுவில் நாலு தப்படி. அப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் தொழிற்சாலையில் அடுத்தடுத்த லேத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். அப்பாவுக்குச் சொந்த ஊர் திருவேற்காட்டுப் பக்கம். மாமா திருநெல்வேலியிலிருந்து வந்தவர். மாமா அப்பாவை ‘அண்ணாச்சி’ என்பார், அப்பா மாமாவை ‘அண்ணாத்தே’ என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பதைக் கடைசிவரை யாரும் கேட்டுத் தெளியவில்லை.

மாமாவின் மகள் செண்பகமும் நானும் ஏழாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்த வருடம்தான் பள்ளியில் கணினிப் பாடம் வந்தது. வகுப்பில் ஐம்பது பேர், கணினி மூன்று. அதனால் டீச்சர் பெரும்பாலும் கரும்பலகையிலேயே கணினியை நடத்தினார். எந்தப் பொத்தானை அழுத்தினால் திரையில் என்ன வரும் என்று கட்டம் போட்டு வரைவார். நாங்கள் அதை நோட்டில் எழுதி, வாய்ப்பாடு போல ஒப்பிப்போம். தொடாமலேயே கணினியில் தேர்ந்தவர்கள் நாங்கள்.

இரண்டு வீட்டிலும் நாங்கள் நச்சரித்த நச்சரிப்பில், சேர்ந்து ஒன்று வாங்கலாம் என்று முடிவானது. கடையில் முழுதாக வாங்குவதைவிட, பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் மலிவு என்று தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். ‘பூட்டுவது’ என்ற சொல் இருவருக்கும் மிகவும் பிடித்துப்போயிற்று. நாளெல்லாம் அவர்கள் செய்கிற வேலை அதுதானே.

ஒரு சனிக்கிழமை நாங்கள் நால்வரும் ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து நடந்து ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் ப்ராசஸர், மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்கினார். அப்பாவும் மாமாவும் நல்ல பிள்ளைகள் போலத் தலையாட்டி, அவர் சொன்னதையே வாங்கிக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் கணினியின் மூளை தேர்வாகிவிட்டது. பிறகு அவர் கேபினெட்டை, அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டும் தகரப் பெட்டியை, எடுத்து வைத்தார். இருவருக்கும் உயிர் வந்தது. மாமா சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்து மூடி பொருந்துமிடத்தில் வைத்துப் பார்த்தார். அப்பா விளிம்பெல்லாம் கட்டைவிரலை ஓட்டிப் பிசிறு இருக்கிறதா என்று தேடினார். முதல் பெட்டியில் மூடி நிற்கவில்லை. இரண்டாவதில் திருகுமரை சரியில்லை. மூன்றாவதைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் உதட்டைப் பிதுக்கினார்கள்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இன்னா சார், கம்ப்யூட்டர் வாங்க வந்தீங்களா, பீரோ வாங்க வந்தீங்களா?” என்றார்.

“உள்ள இருக்கது நாளைக்கே பழசாயிரும்னு நீங்கதான சொன்னிய. பொட்டிதான நிக்கும்” என்றார் மாமா.

ஆறாவது பெட்டி தேறியது. பெட்டியும் அதற்குள் போவதும் மாமாவின் பங்கு. திரையும் கீபோர்டும் மவுஸும் எங்கள் பங்கு. ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருக்கும், மறு வாரம் அவர்கள் வீட்டில். ஞாயிறு காலை அது இடம் மாறுவதைப் பார்க்க மேல்மாடிக்காரர்கள்கூட இறங்கி வந்து நிற்பார்கள். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே போவார், அப்பா திரையை மார்போடு அணைத்தபடி பின்னால். நாங்கள் இருவரும் கீபோர்டையும் மவுஸையும் ஏந்திக்கொண்டு போவோம். அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு கதவைப் பிடித்துக்கொண்டு, “இடிச்சிக்காம வாங்க” என்று நாலு தப்படிக்கு நாற்பது தடவை சொல்வார்கள்.

நான்கைந்து மாதம் இப்படிச் சந்தோஷமாகப் போயிற்று. ஆயுத பூஜை வந்தது, போனஸும் வந்தது. கணினியில் இன்னும் ஒரே ஒரு பாகம் கூட்டலாம் என்று பேச்சு வந்தது. எந்தப் பாகம் என்பதில்தான் எல்லாம் கெட்டது.

அப்பா ராம் கூட்ட வேண்டும் என்றார். படம் வரையும் புரோகிராமைத் திறந்துவிட்டு அவர் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம், அவ்வளவு மந்தம். மாமாவுக்கோ சிடி டிரைவும் சவுண்டு கார்டும் இரண்டு ஸ்பீக்கரும் வேண்டும்.

“ஊமைப் பொட்டிய வச்சு என்ன செய்ய அண்ணாச்சி? பேசணும், பாடணும்லா.”

“பாட்டு கேக்க ஊட்ல ரேடியோ கீது அண்ணாத்தே. வேகம்தான் முக்கியம்.”

“எப்பப் பாத்தாலும் ராம், ராம்னு. கோயில்ல போய் உக்காந்து செபிக்கலாம்லா.”

விளையாட்டாகச் சொன்னதுதான். அப்பாவுக்கு அன்று அது விளையாட்டாகப் படவில்லை. வார்த்தை வளர்ந்தது. திரை இல்லாவிட்டால் உம் பெட்டி வெறும் தகரம் என்றார் ஒருவர். பெட்டி இல்லாவிட்டால் உம் திரை வெறும் கண்ணாடி என்றார் மற்றவர். அந்த வாரம் கணினி எங்கள் வீட்டில் இருந்தது. மாமா ஒயர்களைக் கழற்றிப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். வழக்கத்துக்கு மாறாக, யாரும் கதவைப் பிடிக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து பலகாரத் தட்டு எதிர்வீட்டுக்குப் போகவில்லை, அங்கிருந்தும் வரவில்லை. அம்மா வழக்கம்போல இரண்டு வீட்டுக்குமாகச் சுட்டுவிட்ட முறுக்கை டப்பாவில் போட்டு மேலே தூக்கி வைத்தாள். இரண்டு அப்பாக்களும் காலையில் ஒரே நேரத்துக்குக் கிளம்புகிறவர்கள். இப்போது ஒருவர் செருப்புச் சத்தம் படியில் தேய்ந்த பிறகுதான் மற்றவர் கதவைத் திறந்தார். எங்களுக்கும் எதிர்வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. பள்ளியில் மட்டும் பழையபடி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பெஞ்சைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

செண்பகம்தான் ஒருநாள் கேட்டாள். “திரை இல்லாட்டா கம்ப்யூட்டர் ஓடாதுன்னு டீச்சர் சொன்னாவளா?”

சொல்லவில்லை. கீபோர்டு இருந்தால் போதும் என்று நாங்களே முடிவு கட்டினோம். எப்படியும் நாங்கள் கற்றதெல்லாம் திரை இல்லாமல்தானே.

அரைப்பரீட்சை விடுமுறையில் ஒரு ஞாயிறு மத்தியானம். காலை முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாமாவும் அத்தையும் அம்பத்தூருக்கு ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் இருவரும் உறக்கம். நான் கீபோர்டைத் துண்டில் சுற்றி, அந்த நாலு தப்படியைத் தாண்டினேன். திருட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

கீபோர்டைச் செருகிப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டதும் ஒரு ‘பீப்’ வந்தது. செண்பகம் நோட்டைப் பிரித்து வைத்துச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ‘பேசிக்’ என்ற கணினி மொழிப் புரோகிராமுக்குள் போக வேண்டும், எஸ்கேப் ஒரு தடவை, பிறகு இசைக்கான கட்டளை. ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் பெட்டிக்குள் ‘பீப்’ சொல்லும் சின்னக் குமிழ் ஒன்று உண்டு, அதைப் பாடவைக்கலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ‘சி’ என்றால் ச, ‘டி’ என்றால் ரி. முதல் முறை ஒன்றும் வரவில்லை. எங்கே தப்பு என்று பார்க்கத் திரை இல்லை. அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டாம் முறையும் இல்லை. ஐந்தாவதோ ஆறாவதோ முறை பெட்டி வாய் திறந்தது. ச, ரி, க, ப, த, நி, ச. நடுவில் ஒரு சுரத்தை விழுங்கிவிட்டு, மூக்கடைத்த குரலில் பாடியது. நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். குதித்துத் திரும்பினால் வாசலில் மாமா நிற்கிறார். அத்தையை விருந்திலேயே விட்டுவிட்டு முன்னதாக வந்துவிட்டார் போலும்.

மாமா என்னைப் பார்த்தார். பெட்டியில் செருகியிருந்த எங்கள் வீட்டுக் கீபோர்டைப் பார்த்தார்.

“என்னட்டி செய்தீய ரெண்டு பேரும்?”

செண்பகம் திக்கித் திணறிச் சொன்னாள். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், பிடிபடவில்லை.

“திரை இல்லாமயா? எங்க, இன்னொருக்கப் போடு.”

போட்டேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு மாமா, ம. சரி பண்ணிடறேன்” என்றேன்.

“ஒண்ணும் விடல. எனக்கு நல்லாத்தான் இருக்கு. மாத்தாத, அப்படியே போடு, போட்டுக்கிட்டே இரு.” பிறகு, “என்ன புழுக்கம்” என்று சொல்லி வாசற்கதவை அகலத் திறந்து, காற்றுக்கு மூடிக்கொள்ளாதபடி ஒரு முக்காலியை முட்டுக் கொடுத்தார். ஈரக்காற்று உள்ளே வந்து எனக்கும் செண்பகத்துக்கும் கை சிலிர்த்தது. பெரியவர்களுக்குப் புழுங்கும்போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்துவேன், அடுத்ததை அழுத்திப் பாடவைப்பேன். ச, ரி, க, ப. மறுபடியும் ச, ரி, க, ப. பத்துத் தடவையாவது இருக்கும். மாமா அதற்குள் மேசை மேலிருந்த செய்தித்தாளையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தோள்துண்டால் மேசையைத் துடைத்தார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தம் ஊர் பஜனைக் கோஷ்டியில் சிறு வயதிலிருந்தே ஹார்மோனியம் வாசித்தவர். பக்கத்தில் யாராவது சுரம் தப்பிப் பாடினால் அவரால் சாப்பிட முடியாது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

எங்கள் கதவு திறந்தது. தூக்கத்தில் வீங்கிய கண்ணோடு அப்பா லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். நாலு தப்படியில் மூன்றைக் கடந்து, எதிர்வீட்டு நிலைப்படிக்கு வெளியே நின்றார். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

“ம எங்க?”

நான் கீபோர்டைப் பின்னால் மறைத்தேன். மறைத்து என்ன, ஒயர் பெட்டியில் இருந்தது.

“எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி” என்றார் மாமா. “திரை இருந்தா பாத்துச் சொல்லலாம்.”

அப்பா திரும்பி வீட்டுக்குள் போனார். பிரம்பு எடுக்கத்தான் போகிறார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. “இன்னாங்க இது, எங்க தூக்கிகினு போறீங்க?”

“நம்ம கீபோர்டு அங்க கீது. கெட்டுப்போச்சா, நல்லா கீதான்னு பாக்க வாணாமா? தூரப் போ, இடிச்சிக்கப் போறேன்” என்று அப்பா அதட்டினார். அதட்டியபடியே திரையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். மாமா முக்காலியைத் தள்ளிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். துடைத்த இடத்தில் திரை உட்கார்ந்தது. மாமா ஒயரைச் செருகினார். விட்டுப்போன எழுத்து இருக்க வேண்டிய இடத்தை நான் காட்ட, அப்பா ஒற்றை விரலால் ‘எஃப்’ பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார். ம வந்து சேர்ந்தது.

“சவுண்டு கார்டு இல்லாமலே பாடுது பாரு அண்ணாத்தே” என்றார் அப்பா.

“ராம் கூட்டாமலேதான் பாடுது” என்றார் மாமா.

எனக்கு அடி விழவில்லை. பொங்கல் கழித்து இருவரும் மறுபடி ரயிலேறிப் போய் ராம் வாங்கி வந்தார்கள். ஸ்பீக்கர் அடுத்த போனஸுக்கு வந்தது.

அந்த ஞாயிறு சாயங்காலமே அம்மா அடுப்படியில் முறுக்கு சுட எண்ணெய் வைத்தாள், பண்டிகை எதுவும் இல்லாமலே. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். கடைசியில், மாமாவுக்கு இசை ஞானமே கிடையாது, பாவம், ஒரு சுரம் குறைந்தது கூட அவருக்குத் தெரியவில்லை என்றேன்.

அம்மா அச்சைப் பிழிவதை நிறுத்தினாள்.

“அவருக்கா? போன மார்கழி பூரா பஜனைல உங்கப்பா பக்கத்துலயே உக்காந்து, ஒரு அடி தப்பாம ஜால்ரா போட்டவராச்சே.”

சொல்லிவிட்டு எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜால்ரா போடுவதற்குச் சுரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, சூடான முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.