வெளிக்குப் போற வழி

மச்சானுக்கு அன்றைக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

நாலு மாசம் முன்னால் நடந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். வயது அறுபத்திரண்டு. அங்கிருந்து விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் விக்கிரவாண்டியில் பஸ்ஸை நிறுத்தி ஒண்ணுக்கு ஒதுங்கியாக வேண்டும் அவருக்கு. கண்டக்டருக்கே பழகிவிட்டது!

ரத்தம், யூரின்... எல்லா டெஸ்டும் நார்மல். "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிப் போட்டுக்கினே இருந்தார். என் மனைவிதான் அழுது அடம்பிடித்து எங்கள் டாக்டரிடம் அனுப்பினாள்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போன ரெண்டாவது நிமிஷம் விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"வா மாப்ளே, போலாம். வெளியே போற வழியைப் பாருங்கிறான்! நான் என்னா பிச்சைக்கா வந்தேன்?"

பின்னாலேயே டாக்டர் ஓடி வந்தார், கையில் ரப்பர் கிளவுஸோடு. பாவம், அவர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார் — "வெளிக்குப் போற வழியா பார்க்கணுங்க!"

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! விஷயம் புரிந்ததும் மச்சான் முகம் சுருங்கிவிட்டது.

"அய்யய்யே... அங்கயா? வேணாங்க. ஜல்தியா ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க."

"பிராஸ்டேட் சுரப்பி மலக்குடலை ஒட்டித்தாங்க இருக்கு. விரலால தொட்டுப் பார்க்காம நான் எப்படிச் சொல்றது?"

தொட்டார். ஒரு பக்கம் கல் மாதிரி கட்டி. பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். அங்கே சதை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர். என் மனைவி ரெண்டு நாள் சாப்பிடவில்லை.

ஆனால் எங்கேயும் பரவவில்லை. கரண்ட் வைத்தார்கள், அதுதான் ரேடியேஷன். போன வாரம் பார்த்த டாக்டர், கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது, தைரியமாக மண்டிக்குப் போகலாம் என்றாராம்.

விரலுக்கு எல்லாமே அகப்பட்டுவிடாது என்று எங்கள் டாக்டரே சொன்னார். சரி, தொடவே விடாவிட்டால்? மிஷின் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறோம். டாக்டர் விரலை நீட்டினால் மட்டும் மானம் போய்விடுகிறதே, ஏன் சார்?

இதை நான் மச்சானிடம் சாப்பாட்டு நேரத்தில் ரொம்ப ஜோராகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கும் அம்பத்தெட்டு ஆவுது இல்ல மாப்ளே?"

என் மனைவி கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள்...

போய்ட்டு வந்துட்டேன். ஒன்றும் இல்லை. பரிசோதனைக்கு அரை நிமிஷம். கிளினிக் வாசல் வரை போய்த் திரும்பி வந்ததுதான் மூணு நாள்!